எனக்குப் பதிலாக நின்றவர்: மீஞ்சூர் முதல் திருவொற்றியூர் வரை

காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிற இடத்தில், கொருக்குப்பேட்டையிலிருந்து மீஞ்சூர் போய் வந்த கதையை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மொத்தத் தூரம் போக இருபத்திரண்டு கிலோமீட்டர், வரக் கொஞ்சம் குறைவு. ஆனால் போகும்போது ஒருவனாகப் போய், வரும்போது இருவராக வந்தேன். அந்த இரண்டாமவரும் நான்தான். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

வருஷம் எழுபத்திரண்டு. ராயபுரத்தில் எனக்குப் பேரீச்சம்பழ மொத்த வியாபாரம். கிடங்கு முன்னால், வீடு பின்னால். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் ஒரு துணிப்பையோடு வந்து, மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி, பிறகு கப்பலில் வருகிற சரக்கையே பேசி எடுக்கிற அளவுக்கு வந்தவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எதையும் குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் முடிக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சொல்கிறேன். அந்தப் புத்திதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

அந்த ஆவணியில் என் மனைவி பாக்கியத்தாய்க்கு டைபாய்டு வந்தது. இருபத்தோரு நாள் காய்ச்சல். பதினாலாம் நாள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். அன்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருவொற்றியூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இவள் எழுந்து நடமாடினால், நாற்பத்தெட்டு நாள், தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை உன் சந்நிதியில் கைகூப்பி நிற்கிறேன் என்று. எழுந்துவிட்டாள். புரட்டாசி ஒன்றாம் தேதி நிற்க ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஒழுங்காக நின்றேன். பத்தாம் நாள் பாஸ்ராவிலிருந்து கப்பல் வந்துவிட்டது. சரக்கை எடுத்து முடிக்க ஒரு மாதமாவது ஆகும்.

துறைமுகத்தில் அந்த நாளில் ஆறு மணிக்கு லாரியோடு வரிசையில் நிற்காவிட்டால் மதியம் வரை நிற்க வேண்டும். பேரீச்சம்பழமோ ஈரம் பட்டால் வம்பு. அம்மன் எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு. பதினோராம் நாளிலிருந்து பாக்கியம் என்னோடு பேசவில்லை. சமைப்பாள், பரிமாறுவாள், பேச்சு மட்டும் கிடையாது. உப்புத் தீர்ந்தால் காலி ஜாடியை என் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைப்பாள். மண்ணெண்ணெய் தீர்ந்தால் ஸ்டவ்வையே தூக்கி வைப்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில், பேசாமல் இருக்கும் வீடு எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கப்பலில் சரக்கோடு யூசுப் என்பவர் வந்திருந்தார். பழம் அனுப்பிய வியாபாரியின் ஆள். ஐம்பது வயது, பெரிய மீசை, பம்பாயில் பழகிய இந்துஸ்தானி. எனக்கும் அந்தப் பாஷை பம்பாய் மார்க்கெட்டில் அடிபட்டு வந்ததுதான், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. அவருடைய அப்பா, வெள்ளைக்காரர்கள் ஈராக்கில் ஊர் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது மண்கூடை சுமந்தவராம். ஊருக்கே ஊர் என்று பெயர் வைத்தவர்கள் நம்மைவிடச் சிக்கனக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா தோண்டிய கதைகளைக் கேட்டே வளர்ந்ததில், யூசுப்புக்கு ஐயாயிரம் வருஷத்துக்கு முன் அந்த நகரத்தில் வாழ்ந்த சுமேரியர்களைப் பற்றி, அடுத்த தெரு ஆட்களைப் போல எல்லாம் தெரிந்திருந்தது.

ஒரு நாள் கிடங்கில் டீ குடிக்கும்போது என் சங்கடத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஏற்பாடு இருந்தது என்றார். அந்தக் காலத்துச் சுமேரியன், கோயிலில் எந்நேரமும் நிற்க முடியாது என்பதால், கைகூப்பி நிற்கிற மாதிரி தன்னைப் போல ஒரு சிறு சிலை செய்து சந்நிதியில் வைத்துவிடுவானாம். சாமியை இமைக்காமல் பார்க்க வேண்டும் என்று அதற்குக் கண் மட்டும் இவ்வளவு பெரிதாக இருக்குமாம். தோளிலோ முதுகிலோ பெயரும் எழுதி, இன்னார் சார்பில் பிரார்த்தனை செய்கிறது என்று போட்டுவிடுவார்களாம். அவன் வயலில் இருப்பான், சிலை கோயிலில் இருக்கும்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்னது வரலாறு. நான் கேட்டுக்கொண்டது ஆலோசனை. தன் மார்க்கத்தில் சிலை வைப்பதே ஹராம், கூடாத காரியம், சும்மா ஊர்க் கதையாகத்தான் சொன்னேன் என்று யூசுப் பிறகு நாலு தரம் சொன்னார். என் காதில் ஏறவில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் வேலு என்ற குயவர் ஐயனார் குதிரையும் காவல் தெய்வங்களும் செய்கிறார் என்று கேள்வி. புரட்டாசி பதினெட்டாம் தேதி யூசுப்பையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெரு சைக்கிள் ரிக்ஷாக்காரர் சூசை, கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் இறக்கிவிட ஒரு ரூபாய் வாங்கினார். அங்கிருந்து பாசஞ்சர் ரயில், ஆளுக்கு அறுபது பைசா. ஒன்பது பத்துக்கு வர வேண்டியது ஒன்பதே முக்காலுக்கு வந்தது. கரி எஞ்சின். கடல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், அதனால் மேற்குப் பக்கம் உட்கார்ந்தோம். அங்கேயும் விழுந்தது.

திருவொற்றியூர் தாண்டும்வரை வண்டிக்கு இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள்தான். யூசுப் ஒவ்வொரு புகைபோக்கியையும் காட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? ஆனால் வியாபாரி தெரியாது என்று சொல்லக் கூடாது, நூறு அடி, நூற்றைம்பது அடி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் ஊரில் கல் கிடையாதாம். மண்ணைச் செங்கல்லாக அறுத்துப் படிப்படியாக மலை மாதிரி அடுக்கி, அதன் உச்சியில் சாமிக்கு வீடு கட்டினார்களாம். ஒவ்வொரு நகரமும் ஒரு சாமியின் சொத்து. ஊர் என்பது நன்னா என்ற சந்திரனுடையது. காலையில் சாமியைக் குளிப்பாட்டி, உடுத்தி, இரண்டு வேளை சாப்பாடு வைத்து, வாத்தியம் வாசிப்பார்கள். திருவிழாவில் சாமி படகில் ஏறிப் பக்கத்து ஊர்ச் சாமியைப் பார்க்கப் போகும். இதில் படகைத் தவிர எல்லாம் எங்கள் தெருக் கோடியிலேயே நடக்கிறது என்றேன். நம்பாமல் பார்த்தார்.

எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கழிமுகம், சேறு, நாணல், இடுப்பளவு தண்ணீரில் வலை வீசுகிற ஆட்கள், தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகை. யூசுப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு, இந்தப் புகைபோக்கியை எடுத்துவிட்டால் இது என் ஊர் என்றார். அவர்கள் முதல் நகரங்கள் இப்படிப்பட்ட சேற்றில்தான் எழுந்தனவாம். எரிது என்ற இடத்தில் என்கி என்ற தண்ணீர்ச் சாமிக்குக் கோயில். அதைத் தோண்டியபோது படையல் வைத்த இடத்தில் மீன் முள் குவிந்து கிடந்ததாம். மீன் சாப்பிடுகிற சாமி என்றதும் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், என்ன பாஷையில் பேசுகிறோம் என்று தெரியாமலேயே மரியாதையாகத் தலையாட்டினார்.

மீஞ்சூரில் இறங்கி ஒன்றரை மைல் நடை. குயவர் வேலு நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். சாமி செய்திருக்கிறேன், குதிரை செய்திருக்கிறேன், வியாபாரி செய்ததில்லை என்றார். கை கூப்பியிருக்க வேண்டும், கண் பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, பதினெட்டு ரூபாய்க்குப் பேசி முடித்தேன். அவர் மண் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யூசுப் இன்னொரு கதை சொன்னார். ஆதியில் மனிதனே கிடையாது. சின்னச் சாமிகள்தான் கால்வாய் வெட்டி, கூடை சுமந்து, பெரிய சாமிகளுக்குச் சோறு போட்டார்களாம். ஒரு நாள், இனி முடியாது என்று முணுமுணுத்து அழுதார்கள். அதற்கு என்கி சொன்ன யோசனைதான் மனிதன். களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்து, கூடையை அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இதைக் குயவருக்குத் தமிழில் சொன்னேன். துறைமுகத்தில் ஆள் குறைந்தால் கங்காணி கூலிக்கு ஆள் பிடித்து வருவதுபோல என்று விளக்கினேன். வேலு மண்ணை மிதித்துக்கொண்டே சொன்னார்:

“வேல செய்ய அலுத்துப்போய் சாமி மண்ணுல மனுஷன செஞ்சுச்சு. கும்புட அலுத்துப்போய் நீங்க மண்ணுல ஆள் கேக்குறீங்க. எட்டு நாள் கழிச்சு வாங்க.”

எட்டு நாள் கழித்து, புரட்டாசி இருபத்தாறு, தனியாகப் போனேன். யூசுப் வரவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சிலை தயாராக இருந்தது. இரண்டரை அடி உயரம், பதினான்கு கிலோ. மூஞ்சி என்னுடையதுதான், மறுக்க முடியாது. ஆனால் வேலுவின் கைக்குத் தெரிந்தது காவல் தெய்வம். மீசையைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். கண் இரண்டும் பொரித்த அப்பளம் அளவு. கூப்பிய கை மட்டும் பவ்யமாக இருந்தது. ஊரையே மிரட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு தோற்றம்.

முதுகில் தங்கப்பழம் என்று என் பெயரை எழுத வேண்டுமல்லவா. பெயரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜனம் வருகிற இடம், சும்மா கிடக்கிற முதுகு. வேலுவின் மகனிடம் வெள்ளைப் பெயிண்டில் எழுதச் சொன்னேன்: ‘தங்கப்பழம், பேரீச்சம்பழம் மொத்த வியாபாரம், ராயபுரம்.’ அதன் கீழே, அம்மனுக்குக் கணக்குத் தெரியட்டும் என்று, நான் நிற்க ஆரம்பித்த தேதி: ‘புரட்டாசி 1.’ புத்திசாலித்தனத்தின் உச்சியில் இருந்தேன்.

மீஞ்சூரில் மதியம் பன்னிரண்டே காலுக்கு ரயில். சிலையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் சரிந்தது, அதனால் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணூரில் கூடையோடு ஏறிய மீன்கார அம்மா ஒருத்தி எதிரே உட்கார்ந்து, அதைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“நைனா, இது இன்னா சாமி? மீசைய பாத்தா முனீஸ்வரன் மாரி கீது. கைய பாத்தா ஓட்டு கேக்க வந்தவன் மாரி கீது.”

நான்தான் என்று எப்படிச் சொல்வது? புது சாமி என்றேன். அவள் ஒரு பத்துப் பைசாவை அதன் காலடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர். டிக்கெட் பரிசோதகர் வந்து இதற்கு லக்கேஜ் சீட்டு எங்கே என்று கேட்டதும், அந்த அம்மாவே பதில் சொன்னாள்: சாமிக்குச் சீட்டு கேட்டால் வீட்டுக்குப் போவதற்குள் வயிற்றுவலி வரும். அவர் சிலையின் கண்ணைப் பார்த்தார், அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். ஆக, வரும் செலவு அறுபது பைசா, வரவு நாற்பது பைசா. என் ஆயுளில் இவ்வளவு மலிவாக நான் பிரயாணம் செய்ததில்லை.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் சூசையை ரிக்ஷாவோடு வரச் சொல்லியிருந்தேன். சிலையை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இன்னா மொதலாளி, இது நீயா? அப்டியே உன் மூஞ்சி. கண்ணுதான் கொஞ்சம் சாஸ்தி.”

கோயிலில் குருக்கள் மறுத்தார். நான் விடவில்லை. தூணில் ராஜாக்கள் கைகூப்பி நிற்கிறார்களே, அவர்கள் மட்டும் எப்படி என்று கேட்டேன். நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

“அவா மண்டபத்தைக் கட்டிட்டு நிக்கறா,” என்றார் குருக்கள். “நீர் என்ன கட்டினீர்?”

“கிடங்கு கட்டியிருக்கேன் சாமி.”

“அப்போ அதுல கொண்டுபோய் நிறுத்தும்.”

பதினான்கு கிலோவைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு இல்லை. கோயிலுக்கு வெளியே ஓர் அரசமரம், அடியில் நாகக் கல், பழைய சாமி படங்கள். கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அங்கே நிறுத்திவிட்டு, அம்மா, என் ஆள் வெளியிலிருந்து நிற்பான், கணக்கில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ராயபுரம் திரும்பிவிட்டேன். அன்று இரவும் பாக்கியம் பேசவில்லை. பரவாயில்லை, விஷயத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குத் துறைமுகம் போய், பத்து மணிக்குத் திரும்பினேன். கிடங்கின் கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் மூட்டை தூக்கும் ஆட்கள் ஆறு பேர் சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டி நின்றார்கள். பக்கத்துக் கிடங்கு வைத்திலிங்கம், எங்கள் ஊர்க்காரர், எனக்குத் தொழிலில் போட்டி, கையில் ஒரு சம்பங்கி மாலையோடு நின்றார். மீதி இருக்கும் சரக்கை யார் எடுக்கிறார்கள் என்று என் குமாஸ்தாவிடம் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முனுசாமி என்ற மூட்டைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“நீ பூட்டேன்னு தேதியோட எழுதி கீது மொதலாளி. மால போட்டு வெளக்கு ஏத்திகீறாங்கோ. நீ எப்டி இங்க நிக்கிற?”

விஷயம் இவ்வளவுதான். அரசமரத்தடியில் பூ விற்கிற அம்மா, புது சாமி வந்திருக்கிறது என்று காலையில் ஒரு மாலை போட்டு அகல் ஏற்றியிருக்கிறாள். திருவொற்றியூரிலிருந்து வேலைக்கு வருகிற முனுசாமி அந்த வழியே வந்திருக்கிறார். முதலாளி முகம், கழுத்தில் மாலை, எதிரில் விளக்கு, முதுகில் பெயரும் விலாசமும் தேதியும். நம் ஊரில் மனுஷன் உருவத்துக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசி ஒன்று கடந்து இருபத்தாறு நாளாகிறதே, நேற்றுகூட உன் தலையில் நான்தானே மூட்டை ஏற்றினேன் என்று கேட்டேன். அதுதான் தனக்கும் பயமாக இருக்கிறது என்றார்.

வைத்திலிங்கம் மாலையை நீட்டினார். “வாங்கியாச்சு அண்ணாச்சி. ரெண்டே கால் ரூவா. போட்டுக்கிடுங்க.”

பாக்கியம் எங்கே என்று கேட்டேன். சூசையின் ரிக்ஷாவில் ஏறித் திருவொற்றியூர் போய் அரை மணி ஆகிறது என்றார்கள். அவளுக்கு நான் உயிரோடு கிளம்பிப் போனது தெரியும். தெரிந்தும் போயிருக்கிறாள் என்றால் அது துக்கம் இல்லை, விசாரணை. பஸ்ஸைப் பிடித்தேன். இருபது பைசா, முப்பத்தைந்து நிமிஷம். அவ்வளவு நீளமான முப்பத்தைந்து நிமிஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அரசமரத்தடியில், நோயின் மெலிவு இன்னும் தீராமல், உதிர்ந்த தலைமுடியை முக்காடிட்டு மறைத்துக்கொண்டு, அவள் சிலைக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். சிலையிடம். பதினேழு நாள் எனக்குக் கிடைக்காத பேச்சு முழுக்க அந்த மண்ணுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. உப்பு, மண்ணெண்ணெய், என் வாய், என் கப்பல் எல்லாவற்றையும் அதனிடம் சொல்லி முடித்திருந்தாள் என்று ரிக்ஷாவில் சாய்ந்திருந்த சூசை ஜாடை காட்டினார். அது கண்ணை அகல விரித்து, கைகூப்பி, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் வந்தது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. சிலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அன்னைக்கு எனக்கு சொரணையே இல்லன்னு நெனச்சியளாக்கும். எல்லாம் கேட்டுச்சு. அம்மன்ட்ட நீங்க வேண்டுனதும் கேட்டுச்சு, அழுததும் கேட்டுச்சு. கூப்பிட்ட பக்கம் போயிருப்பேன். அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பி வந்தேன். அது இந்த மண்ணு போட்ட சத்தமா?”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, ஆஸ்பத்திரிக்கும் இதத்தான் அனுப்புவியளோ?”

முப்பது வருஷம் பேரம் பேசியவன் நான். அங்கேயும் ஒரு விலை சொல்லிப் பார்த்தேன். நாளையிலிருந்து வருகிறேன், மீதி முப்பத்தொன்பது நாளும் நிற்கிறேன் என்றேன்.

“மீதி என்ன மீதி? ஒண்ணுல இருந்து நில்லுங்க. இதத் தூக்கிட்டுப் போயி கடையில வைங்க. யாவாரத்த அது பாத்துக்கிடும்.”

அப்படியே நடந்தது. நாற்பத்தெட்டு நாள் காலையில் நான் சந்நிதியில் நின்றேன், அது என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. துறைமுக வரிசைக்குக் குமாஸ்தாவை அனுப்பினேன். அதுவரை அவரை நம்பி அனுப்பியதே இல்லை. அவர் என்னைவிட முன்னால் லாரியை உள்ளே கொண்டுபோனார். கடையில் பேரம் பேச வந்தவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். யூசுப் ஊருக்குப் புறப்படும்முன் வந்து அதைப் பார்த்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயாயிரம் வருஷத்தில் அதைத் தொழுகையிலிருந்து எடுத்து வேலைக்கு அனுப்பியதில் நீதான் முதல் ஆள் என்றார். நான் இல்லாமல் வியாபாரம் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. அது எனக்கு வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது அந்தத் தடத்தில் மின்சார ரயில், கரித்தூள் கிடையாது, பத்து ரூபாய்க்குள் மீஞ்சூர் போய்விடலாம். எண்ணூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் இருங்கள். சேறும் நாணலும் முன்போல் இல்லை, இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. ஒரு மணிநேரம் நிற்பதென்றால் முதல் வாரம் முழங்கால் வலிக்கும், பிறகு பழகும். மண்சிலை வாங்குபவர்கள் முதுகில் எதையும் எழுத வேண்டாம்.

சுமேரியர்கள் எல்லாவற்றையும் களிமண் பலகையில் எழுதி வைத்தவர்களாம். கோயிலுக்கு எத்தனை ஆடு வந்தது, எவ்வளவு வாற்கோதுமை போனது, எல்லாம் இருக்கிறது. சிலையைக் கோயிலில் நிறுத்திவிட்டு வயலுக்குப் போனவனிடம் அவன் வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்பதை மட்டும் எந்தப் பலகையிலும் எழுதவில்லை என்று யூசுப் சொன்னார். எழுதியிருந்தால் எனக்குப் பதினெட்டு ரூபாய் மிச்சம்.

புதிதாக ஆரம்பித்த முதல் நாள் நின்றுவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பினேன். அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, “இன்னைக்குக் கோயில்ல கூட்டமா?” என்று கேட்டாள் பாக்கியம். இருந்தது நாலே பேர். ஆமாம், நல்ல கூட்டம் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பாளா என்று நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.